கோடீஸ்வரர் ஆக்குகிறோம் என்பவர்களிடம் கணக்கைக் கேளுங்கள்!



கோயில் அறிவிப்புப் பலகையிலும் கைத்தொலைபேசியிலும் அடிக்கடி ஓர் அழைப்பு வருகிறது. "ஒரு காசு முன்பணம் இல்லாமல் வீடு வாங்கலாம்! வாடகையே கடனைக் கட்டும்! நம் சமுதாயம் எத்தனை நாள்தான் ஏழையாகவே இருப்பது?" ஞாயிற்றுக்கிழமை காலை, ஹோட்டல் மண்டபம், இலவசத் தேநீர். கோட்டு போட்ட ஒருவர் மேடையேறி அழகான தமிழில் பேசுகிறார். தானும் தோட்டத்து லயத்தில் பிறந்தவன்தான் என்கிறார். கைதட்டல் கூரையைப் பிளக்கிறது. மண்டபத்தை விட்டு வெளியே வரும்போது பலர் ஏதோ ஒரு பாரத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

அப்படிக் கையெழுத்துப் போட்ட ஒரு குடும்பத்தை நான் அறிவேன். கணவர் லோரி ஓட்டுநர். மனைவி தொழிற்சாலையில் வேலை. ஒரே வாரத்தில் இரண்டு வங்கிகளுக்கு மனுப் போட வைத்து, இரண்டு அடுக்குமாடி வீடுகளை அவர்கள் தலையில் கட்டினார்கள். ஒன்றுக்கு வாடகைக்கு ஆள் வரவே இல்லை. மற்றொன்றில் குடியிருந்தவர் ஐந்து மாத வாடகை பாக்கி வைத்துவிட்டு ஓர் இரவில் காலி செய்துவிட்டார். இரண்டு வீட்டுக்குச் 'சொந்தக்காரர்களான' அந்தக் குடும்பம், அத்தனை காலமும் குடியிருந்தது பிளாட்டில், வாடகைக்கு! கடைசியில் இரண்டு வீடும் லெலோங்கில் போயின. லெலோங்கில் விற்ற பிறகும் வங்கிக்குப் பாக்கி நின்றது. அந்த அம்மாவின் தாலிச் சங்கிலி இன்னும் அடகுக் கடையில் இருக்கிறது.

மேடையில் பேசியவர்? அவருக்குக் கமிஷன் கையெழுத்தான அன்றே உறுதியாகிவிட்டது.

இதைப் பற்றி நாம் பேசாவிட்டால் வேறு யார் பேசுவார்கள்?

வீடு வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை

சொந்த வீட்டின் அருமை நம்மைப் போல் யாருக்குத் தெரியும்? மூன்று தலைமுறை பால் மரம் வெட்டியவர்களின் வாரிசுகள் நாம். தோட்டத்தில் வேலை இருக்கும் வரைதான் லயத்தில் இடம். வேலை போன அன்று வீடும் போனது. 1950களிலும் 1960களிலும் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டாடி விற்றபோது, ஆயிரக்கணக்கான குடும்பங்கள் சட்டி பானையோடு வீதிக்கு வந்தன. பிறகு ரப்பர் போய் செம்பனை வந்தது. செம்பனையும் போய் தாமான்கள் எழுந்தன. நம் பாட்டன்மார் காடு வெட்டித் திருத்திய அதே மண்ணில் எழுந்த வீட்டை வாங்க, இன்று நாம் 35 வருடக் கடனுக்குக் கையெழுத்துப் போடுகிறோம்.

ஆக, வீடு நமக்குக் கட்டாயம் வேண்டும். ஆனால் குடியிருக்கும் வீடு வேறு, 'முதலீட்டு வீடு' வேறு. குடியிருக்கும் வீட்டின் விலை சந்தையில் இறங்கினாலும் அதன் கூரை நம் தலைக்கு மேல் இருக்கும். முதலீட்டு வீட்டின் விலை இறங்கினால் மிஞ்சுவது கடன் மட்டுமே. இந்த இரண்டையும் வேண்டுமென்றே குழப்புவதுதான் மேடைப் பேச்சாளர்களின் முதல் வித்தை.

"சமுதாய முன்னேற்றம்" என்ற சொல்லைக் கேட்டுப் பணம் போட்ட அனுபவம் நமக்குப் புதிதல்ல. இரண்டு அனுபவங்களை எடுத்துக்கொள்வோம்.

1960-இல் துன் வீ.தி.சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் ஒன்று. தோட்டப் பாட்டாளிகள் கூலியிலிருந்து மாதம் சில வெள்ளி சேர்த்தார்கள். துண்டாடலுக்குப் போகவிருந்த தோட்டங்களை அந்தப் பணத்தில் சங்கம் வாங்கியது. கையில் சேர்ந்த காசு, கண்ணுக்குத் தெரிந்த நிலம். அந்தச் சங்கம் இன்றும் இருக்கிறது.

மற்றொன்று 1982-இல் தொடங்கிய மைக்கா. பத்துக் கோடி வெள்ளிக்கும் மேல் திரட்டினார்கள். நகையை அடகு வைத்துப் பங்கு வாங்கியவர்கள் நம் தாய்மார்கள். ஒரு பங்கு ஒரு வெள்ளி. 2010-இல் அந்தப் பங்குகளை விலைக்கு எடுத்துக்கொள்ள ஒரு நிறுவனம் முன்வந்தபோது கொடுத்த விலை 80 காசு! இருபத்தெட்டு வருடம் காத்திருந்து, போட்ட முதலும் முழுதாகத் திரும்பவில்லை.

பாடம் என்ன? லாபத்தைப் பற்றிப் பேசுகிறவரிடம், நட்டம் வந்தால் யார் தலையில் விழும் என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்வியை நாம் கேட்காத ஒவ்வொரு முறையும் அது நம் தலையில்தான் விழுந்திருக்கிறது.

வாடகையே கடனைக் கட்டுமா? போட்டுப் பாருங்கள்!

பேச்சு வேண்டாம், கணக்குப் போடுவோம். 3 லட்சம் வெள்ளி அடுக்குமாடி வீடு. வங்கி 90 விழுக்காடு தருகிறது, அதாவது 2 லட்சத்து 70 ஆயிரம். வட்டி 4.5 விழுக்காடு, தவணை 35 வருடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மாதத் தவணை ஏறக்குறைய 1,278 வெள்ளி. 35 வருடத்தில் கட்டி முடிக்கும் தொகை ஏறக்குறைய 5 லட்சத்து 36 ஆயிரம். வாங்கிய கடனுக்குச் சமமாக வட்டி!

இப்போது வாடகை. நல்ல வாடகை 1,100 வெள்ளி என்றே வைப்போம். அதில் பராமரிப்புக் கட்டணமும் சேமிப்பு நிதியும் 200. நிலவரி, வீட்டு வரி மாதத்துக்கு 50. பழுது பார்க்க 50. வருடத்தில் ஒரு மாதம் வீடு காலியாகக் கிடந்தால் மாதத்துக்கு 92 வெள்ளி நட்டம். மிஞ்சுவது 708. தவணையோ 1,278. மாதா மாதம் 570 வெள்ளி உங்கள் சட்டைப் பையிலிருந்து போக வேண்டும். வருடத்துக்கு 6,840 வெள்ளி!

2025 முதல் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. கணவன் மனைவி இருவரும் அந்தச் சம்பளம் வாங்கும் வீட்டில், 570 வெள்ளி என்பது பிள்ளைகளின் பள்ளிப் பஸ்ஸும் டியூஷனும் அரிசியும். வாடகை கடனைக் கட்டவில்லை, தோழர்களே. உங்கள் பிள்ளைகளின் சோறுதான் கட்டுகிறது.

வட்டி நிலையாக நிற்கும் என்றும் நம்பாதீர்கள். பேங்க் நெகாராவின் அடிப்படை வட்டி 2020 ஜூலையில் 1.75 விழுக்காடு. 2023 மே மாதம் அது 3 விழுக்காட்டைத் தொட்டது. 2025 ஜூலையில் 2.75-க்கு இறங்கியது. நம் வீட்டுக் கடன்களில் பெரும்பாலானவை இதோடு சேர்ந்து ஏறி இறங்குபவை. மேலே சொன்ன கடனுக்கு வட்டி 4.5-லிருந்து 5.5 ஆனால், தவணை ஏறக்குறைய 1,450 வெள்ளி. மாதம் 172 வெள்ளி கூடுதல். முதலாளி சம்பளத்தை அப்படிக் கூட்டிக் கொடுப்பாரா?

"விலை ஏறியதும் விற்றுவிடலாமே" என்பார்கள். மூன்று வருடத்துக்குள் விற்றால் லாபத்தில் 30 விழுக்காடு சொத்து ஆதாய வரி. நான்காவது வருடம் 20, ஐந்தாவது வருடம் 15. ஆறாவது வருடத்திலிருந்துதான் குடிமக்களுக்கு இந்த வரி இல்லை. அதுவரை மாதம் 570 வெள்ளியைத் தாங்க முடியுமா? நாடு முழுவதும் விற்காத அடுக்குமாடி வீடுகள் தேங்கிக் கிடக்கும்போது, உங்கள் வீட்டை மட்டும் யார் ஓடி வந்து வாங்குவார்?

முன்பணம் இல்லாத வீடு என்பது பொய்க் கணக்கு

இந்த வித்தை எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். வீட்டின் உண்மை விலை 3 லட்சம். ஒப்பந்தத்தில் 3 லட்சத்து 50 ஆயிரம் என்று எழுதுவார்கள். வங்கி அதில் 90 விழுக்காடு, அதாவது 3 லட்சத்து 15 ஆயிரம் தரும். முன்பணமும் வேண்டியதில்லை, கையில் 15 ஆயிரம் ரொக்கமும் வரும். பார்க்க இனிப்பாக இருக்கும். ஆனால் 3 லட்சம் பெறுமதியுள்ள வீட்டுக்கு முதல் நாளே 3 லட்சத்து 15 ஆயிரம் கடனாளி நீங்கள்! விற்றாலும் கடன் தீராது. வங்கிக்குப் பொய் விலை காட்டிய பத்திரத்தில் இருப்பது உங்கள் கையெழுத்து, மேடையில் பேசியவரின் கையெழுத்து அல்ல.

இரண்டாவது வித்தை, ஒரே நேரத்தில் பல வங்கிகளுக்கு மனுப் போடுவது. புதிய கடன் பேங்க் நெகாராவின் சிசிரிஸ் பதிவேட்டில் ஏறுவதற்குள் மற்ற வங்கிகளிலும் கடனை வாங்கிவிட வேண்டும் என்பது திட்டம். 2010 நவம்பர் முதல் மூன்றாவது வீட்டுக் கடனுக்கு மதிப்பில் 70 விழுக்காடுதான் உச்ச வரம்பு. அந்த வரம்பையும் இப்படித்தான் ஏமாற்றுகிறார்கள். வங்கி ஏன் அந்த வரம்பை வைத்திருக்கிறது? நீங்கள் தாங்க மாட்டீர்கள் என்று அதற்குத் தெரியும். உங்கள் ஆலோசகருக்கும் தெரியும். தெரியாதவர் நீங்கள் ஒருவர்தான்.

கடன் எங்கே வாங்கலாம்? எதைத் தொடவே கூடாது?

வங்கிக் கடன்: குடியிருக்கும் முதல் வீட்டுக்கு இதுவே நேர்வழி. ஆனால் ஒரு வங்கியோடு நிற்காதீர்கள். மூன்று வங்கிகளில் வட்டியைக் கேட்டு ஒப்பிடுங்கள். தவணைக் காலத்தையும் பாருங்கள். மேலே சொன்ன கடனை 35 வருடத்துக்குப் பதில் 30 வருடத்தில் கட்டினால் மாதம் 90 வெள்ளி கூடும். ஆனால் மொத்தத்தில் ஏறக்குறைய 44 ஆயிரம் வெள்ளி மிஞ்சும்! இஸ்லாமிய வங்கிக் கடனை நாமும் வாங்கலாம். அதில் விற்பனை விலைக்கு உச்ச வரம்பு எழுதப்பட்டிருக்கும். இரண்டையும் கேட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

சம்பளச் சீட்டு இல்லாதவர்கள்: லோரி ஓட்டுபவர், பாசார் மாலாமில் கடை போடுபவர், குத்தகைக்கு வேலை செய்பவர் பலரை வங்கி வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுகிறது. அவர்கள் நேரே வட்டி முதலைகளிடம் போகிறார்கள். போக வேண்டியதில்லை. எஸ்ஜேகேபி என்ற அரசாங்க உத்தரவாத நிறுவனம் நிலையான வருமானம் இல்லாதவர்களின் வீட்டுக் கடனுக்கு வங்கியிடம் உத்தரவாதம் தருகிறது. குடியிருக்கும் வீட்டுக்குத்தான் இந்த உதவி. நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்? தெரியப்படுத்த வேண்டிய தலைவர்கள் மாலை மரியாதையில் மும்முரமாக இருக்கிறார்கள்.

ஊழியர் சேமநிதி: 2024 மே மாதத்திலிருந்து சேமநிதிக் கணக்கு மூன்றாகப் பிரிந்திருக்கிறது. அதில் 'செஜாதெரா' கணக்கிலிருந்து வீட்டுக்கு எடுக்கலாம். குடியிருக்கும் வீட்டின் முன்பணத்துக்கு எடுப்பது நியாயம். ஆனால் 2024-க்கு சேமநிதி கொடுத்த லாப ஈவு 6.30 விழுக்காடு. அதை எடுத்து, மாதம் 570 வெள்ளி விழுங்கும் வீட்டில் போடுவது என்ன புத்தி? கோவிட் காலத்தில் 2020 முதல் 2022 வரை மக்கள் எடுத்த சேமநிதிப் பணம் 14,500 கோடி வெள்ளி. நம்மில் பலருடைய கணக்கு அப்போதே காலி. மிச்சம் இருப்பது வயதான காலத்துக் கஞ்சி. அதன் மேல் யாரையும் கை வைக்க விடாதீர்கள்.

மறுகடன்: கட்டி முடித்த வீட்டை மறுபடி அடகு வைத்து இரண்டாவது வீடு வாங்கச் சொல்வார்கள். இரண்டாவது வீடு கவிழ்ந்தால் முதல் வீட்டையும் இழுத்துக்கொண்டு போகும். வேண்டாம்.

கடன் அட்டை, தனிநபர் கடன், வட்டி முதலைகள்: முன்பணத்துக்கு இவற்றில் எதைத் தொட்டாலும் அது வீட்டுக்கு அஸ்திவாரம் அல்ல, குடும்பத்துக்குக் குழி.

கூட்டுக் கடன்: மச்சான் பேரில் ஒன்று, தங்கை பேரில் ஒன்று என்று சேர்த்துக்கொள்வார்கள். கூட்டாகக் கையெழுத்துப் போட்டால் ஆளுக்குப் பாதி என்று நினைக்காதீர்கள். ஒருவர் கட்டாவிட்டால் முழுக் கடனுக்கும் மற்றவர் பொறுப்பு. உறவும் போகும், பணமும் போகும்.

காப்புறுதி: குடும்பத் தலைவர் இறந்தால் வீட்டுக் கடனை அடைக்கும் காப்புறுதியை மாதம் சில பத்து வெள்ளி மிச்சம் பிடிக்க விட்டுவிடாதீர்கள். அது எத்தனை வருடத்துக்கு, எவ்வளவு தொகைக்கு என்றும் கேளுங்கள். 35 வருடக் கடனுக்கு 15 வருடக் காப்புறுதி எடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குபவர்கள் இருக்கிறார்கள்.

கட்டாத வீட்டுக்குக் கடன் கட்டும் நாடு

இதுவரை சொன்னது நம் கையில் உள்ளது. இனிச் சொல்வது அரசாங்கத்தின் கையில் உள்ளது.

இந்த நாட்டில் வீடு கட்டுவதற்கு முன்பே விற்கப்படுகிறது. அஸ்திவாரம் போட்டால் இவ்வளவு, சுவர் எழும்பினால் இவ்வளவு என்று வங்கி பணத்தை மேம்பாட்டாளரிடம் கொடுக்கும். அன்றிலிருந்தே வாங்கியவர் வட்டி கட்ட வேண்டும். தரை வீட்டை 24 மாதத்திலும் அடுக்குமாடி வீட்டை 36 மாதத்திலும் ஒப்படைக்க வேண்டும் என்பது வழக்கமான ஒப்பந்தம். தாமதமானால் வருடத்துக்கு 10 விழுக்காடு இழப்பீடு. 2019 நவம்பரில் கூட்டரசு நீதிமன்றம், இந்தக் காலக்கெடுவை நீட்டித்துக் கொடுக்க வீடமைப்புக் கண்காணிப்பாளருக்கு அதிகாரம் இல்லை என்று தீர்ப்பளித்தது. நல்ல தீர்ப்பு! ஆனால் மேம்பாட்டாளரே திவாலாகி ஓடிவிட்டால் இழப்பீட்டை யாரிடம் வாங்குவது? புல் முளைத்த தூண்களைப் பார்த்துக்கொண்டே, ஒரு பக்கம் வாடகையும் மறுபக்கம் வங்கித் தவணையும் கட்டும் குடும்பங்கள் இந்த நாட்டில் எத்தனை!

இதற்கு மாற்று வழி இல்லையா? இருக்கிறது. 10 விழுக்காடு முன்பணம் கட்டி, வீடு முடிந்த பிறகு 90 விழுக்காடு கட்டும் ஒப்பந்த முறை சட்ட விதிகளிலேயே இருக்கிறது. ஆனால் அது கட்டாயமில்லை, மேம்பாட்டாளரின் விருப்பம். யார் விரும்புவார்? ஓட்டாண்டி ஆகும் அபாயத்தை ஏழைத் தொழிலாளியின் தலையில் ஏற்றி வைக்கச் சட்டமே இடம் கொடுக்கும்போது, அதைத் தானே சுமக்க எந்த மேம்பாட்டாளர் முன்வருவார்? 10க்கு 90 முறையைக் கட்டாயமாக்கு! இதுதான் நம் கோரிக்கை.

நமக்கு மட்டும் தனி விலை

இன்னொரு கணக்கும் இருக்கிறது. மேடையில் அதைச் சொல்ல மாட்டார்கள். ஒரே தாமான், ஒரே வரிசை, ஒரே மாதிரி வீடு. பூமிபுத்திராவுக்குக் கழிவு உண்டு. மாநிலத்துக்கு மாநிலம் அது வேறுபடும். சிலாங்கூரில் 7 விழுக்காடு, ஜொகூரில் 15 விழுக்காடு. 4 லட்சம் வெள்ளி வீட்டுக்கு 15 விழுக்காடு என்றால் 60 ஆயிரம் வெள்ளி. தோட்டத்திலிருந்து விரட்டப்பட்ட தொழிலாளியின் மகன் முழு விலை கொடுக்கிறான். பென்ஸ் காரில் வருபவர் கழிவில் வாங்குகிறார். ஏழை மலாய்க்காரச் சகோதரருக்குக் கழிவு கிடைப்பதில் நமக்குப் பொறாமை இல்லை. வருமானத்தைப் பார்த்துக் கொடு, இனத்தைப் பார்த்துக் கொடுக்காதே என்பதுதான் நம் கேள்வி.

ஆக, முதலீட்டுப் பந்தயத்தில் நாம் பல அடி பின்னாலிருந்து ஓடுகிறோம். அப்படி ஓடுபவன் கவனமாக ஓட வேண்டாமா? 'பூமி லாட்' வீட்டை மலிவாக முடித்துத் தருகிறேன் என்று வரும் ஏஜெண்டிடமும் கவனம். மாநில அரசின் அனுமதி இல்லாமல் அது உங்கள் பெயருக்கு மாறாது.

"சீனர்கள் வாங்கி விற்று முன்னேறவில்லையா?" என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அன்று தரை வீடு வாங்கியவர்களில், நம்மவர் உட்பட, பலர் முன்னேறியது உண்மைதான். ஆனால் அவர்கள் கையில் சேமிப்பு இருந்தது. வாடகை ஒரு வருடம் வராவிட்டாலும் தாங்கினார்கள். சேமிப்பு இல்லாதவன் அதே வேலையைச் செய்தால் அதற்குப் பெயர் முதலீடு அல்ல, சூதாட்டம்.

கையெழுத்துக்கு முன்

குடியிருக்கும் வீடு உங்கள் பெயரில் இருக்கிறதா? ஆறு மாதத் தவணை சேமிப்பில் இருக்கிறதா? ஒரு வருடம் வாடகை வராவிட்டால் தாங்குவீர்களா? மூன்றுக்கும் 'ஆம்' என்றால் மட்டுமே இரண்டாவது வீட்டைப் பற்றி யோசியுங்கள்.

மேம்பாட்டாளரின் உரிமம், விளம்பர அனுமதி எண்களை வீடமைப்பு ஊராட்சித் துறை அமைச்சிடம் சரி பாருங்கள். கெரான் என்னும் நிலப்பட்டாவில் யார் பெயர் இருக்கிறது, குத்தகை இன்னும் எத்தனை வருடம் என்று பாருங்கள். லாயர் உங்களுடையவராக இருக்கட்டும், விற்பவர் காட்டும் லாயர் வேண்டாம். லெலோங் வீடு என்றால், பொதுவாக 10 விழுக்காடு முன்பணம் கட்டிவிட்டு மீதியை 90 அல்லது 120 நாளில் கட்டாவிட்டால் முன்பணம் திரும்பாது. உள்ளே குடியிருப்பவரை வெளியேற்றும் வேலையும் உங்களுடையது.

ஏற்கனவே மாட்டிக்கொண்டவர்களுக்கு ஒரு வார்த்தை. வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். வட்டி முதலையிடம் வாங்கி வங்கிக்குக் கட்டாதீர்கள். தவணை தவறும் முன்பே வங்கியிடம் பேசுங்கள். 2006 முதல் இயங்கும் ஏகேபிகே நிறுவனம் கடன் ஆலோசனையை இலவசமாகத் தருகிறது. மேம்பாட்டாளரோடு தகராறு என்றால் வீடு வாங்குவோர் தீர்ப்பாயத்தில் 50 ஆயிரம் வெள்ளி வரை லாயர் இல்லாமலேயே வழக்குப் போடலாம்.

அடுத்த ஞாயிறு அந்த மண்டபத்துக்கு நீங்களும் போகலாம். தேநீரைக் குடியுங்கள். பேசி முடித்ததும் எழுந்து நின்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "நட்டம் வந்தால் நீங்கள் எவ்வளவு கட்டுவீர்கள் ஐயா?"

பதில் வரும் வரை பேனாவை எடுக்காதீர்கள்!